தகரக் கூரை முதல் தங்கவயல் வரை: விரிசல் சத்தம் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பிரஷர் குக்கரைப் பற்றி எழுதும்போது, "உலோகத்தில் விரிசல் வளர்ந்தால் அது தானாகவே சத்தம் போடும், நம் காதுக்குத்தான் எட்டாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன். குக்கரை விட்டுவிட்டு எல்லோரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்தத் தடவை முழுக்க அதுவே இருக்கட்டும். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுத் தகரக் கூரை சாயங்காலமானால் 'டப் டப்' என்று அடிக்கிறது. விரிசல் விடுகிறதா? பயமாக இருக்கிறது. (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அது விரிசல் இல்லை. பகல் வெயிலில் நீண்ட தகடு வெயில் இறங்கியதும் சுருங்குகிறது. 4 மீட்டர் இரும்புத் தகடு 30 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். ஆனால் போல்ட்டும் ஆணியும் பிடித்து வைத்திருப்பதால் அதனால் நிதானமாகச் சுருங்க முடியாது. இழுத்துக்கொண்டே இருந்து, பிடி தாங்காத ஒரு கணத்தில் சட்டென்று வழுக்கும். அந்த வழுக்கல்தான் உங்களுக்குக் கேட்கிற 'டப்'.

இந்தச் 'சட்டென்று' என்ற வார்த்தையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற பதில்களுக்கெல்லாம் வேண்டியிருக்கும். ஒரு பொருளுக்குள் சேர்ந்து கிடக்கிற விசை மெதுவாக விடுபட்டால் சத்தம் வராது. திடீரென்று விடுபட்டால் அதில் ஒரு பங்கு அலையாகக் கிளம்பி அந்தப் பொருளுக்குள்ளேயே ஓடும். உங்கள் கூரையில் வழுக்கல், விரிசலில் பிளவு, பூமிக்குள் நடந்தால் நிலநடுக்கம். அளவில்தான் வித்தியாசம், கணக்கு ஒன்றுதான்.

கேள்வி: காதுக்குக் கேட்காத சத்தத்தை எப்படிக் கேட்கிறார்கள்? எங்கள் ஊரில் பானையைத் தட்டிப் பார்த்து விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவோம். அதே மாதிரிதானா? (மானாமதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கடம் செய்கிற ஊர்க்காரரிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் சந்தோஷம். தட்டிப் பார்ப்பதில் சத்தத்தைக் கொடுப்பது உங்கள் விரல், பானை அதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் பழைய விரிசலும் தெரியும், நேற்று விழுந்ததும் தெரியும். நான் எழுதியது வேறு. யாரும் தட்டவில்லை, பானையின் மேல் பாரம் ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம், விரிசல் ஒரு மயிரிழை நீளும்போது அதுவே குரல் கொடுக்கிறது. இதற்கு 'ஒலி உமிழ்வு' என்று பெயர், தொழிற்சாலைகளில் 'அகூஸ்டிக் எமிஷன்', இன்னும் சுருக்கமாக 'ஏஇ'. வளராமல் சும்மா கிடக்கிற விரிசல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதில் பெரும்பாலும் ஊமைதான். பலரும் குழம்புகிற இடம் இது.

கருவி என்று பார்த்தால், அழுத்தினால் மின்சாரம் தருகிற ஒரு பீங்கான் வில்லை. கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயம் அளவு டப்பாவுக்குள் அதை வைத்து, கிரீஸ் தடவி உலோகத்தின் மேல் ஒட்டிவிடுவார்கள். கிரீஸ் இல்லாவிட்டால் நடுவில் மெல்லிய காற்றுப்படலம் நின்றுகொண்டு அலையைத் தடுத்துவிடும். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. இரும்பில் இவர்கள் கேட்பது பெரும்பாலும் 100 முதல் 300 கிலோஹெர்ட்ஸ் வரை. கீழே இறங்கினால் மோட்டார், பம்ப், யாரோ ஸ்பேனரைக் கீழே போடுவது என்று தொழிற்சாலை இரைச்சல் எல்லாம் வந்து சேரும். மேலே போனால் அலை பாதி வழியிலேயே தேய்ந்துபோகும். கான்கிரீட்டில் அது இன்னும் சீக்கிரம் தேயும், அதனால் அங்கே 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்கிற சென்சாரைத்தான் அதிகம் போடுவார்கள்.

காதுக்கே கேட்கிற வகையும் உண்டு. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கிறதே, அந்த வெள்ளீயத்தில் ஒரு கம்பி செய்து காதருகே வளைத்தால் 'கிறீச்' என்று முனகும். படிகங்கள் சட்டென்று மடிந்து திசை மாறுகிற சத்தம் அது, விரிசல்கூட இல்லை. (சொம்பை வளைத்துப் பார்க்காதீர்கள், விற்கிற விலைக்கு.) 1933-ல் ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் கிஷினோயே, கிராமபோன் ஊசியை ஒரு மரத்துண்டில் பொருத்தி, மரத்தை வளைத்து, அது முறிவதற்கு முன்னால் வருகிற முனகல்களைப் பதிவு செய்தார். அவருக்கு மரத்தின் மேல் ஆசையில்லை, பூமி எப்படி முறிகிறது என்று பார்க்க ஆய்வறைக்குள் அடங்குகிற ஒரு பூமி வேண்டியிருந்தது.

கேள்வி: இறுதியாண்டு ப்ராஜெக்டாக, விரிசலிலிருந்து கிளம்பும் அலையைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மென்பொருளைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை. (நாகர்கோவிலிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்)

பதில்: தம்பி, முதலில் மென்பொருளை மூடுங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, கத்துகிற வாய், சத்தம் வருகிற வழி, கேட்கிற காது என்று எழுதுங்கள். உங்கள் திரையில் கடைசியில் வரப்போகிற அந்த நெளிநெளிக் கோடு இந்த மூன்றும் கலந்து பிசைந்தது. மாடல் என்பது மூன்றையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டு பிறகு சேர்ப்பது, அல்லது சேர்ந்து வந்ததைத் திரும்பப் பிரிப்பது. இரண்டாவது ரொம்பக் கஷ்டம்.

வழியிலிருந்து தொடங்கலாம். கூடத்தில் நின்று கூப்பிட்டால் ஒரு குரல், கிணற்றுக்குள் குனிந்து அதையே கூப்பிட்டால் வேறு குரல். வாய் மாறவில்லை, வழி மாறிவிட்டது. விரிசல் ஒரு எட்டு முன்னேற ஒரு மைக்ரோசெகண்ட், இரண்டு மைக்ரோசெகண்ட் ஆகும். சென்சாரிலோ ஒரு மில்லிசெகண்டுக்கு மேல் அதிர்ந்துகொண்டே இருக்கும். மீதியெல்லாம் கிணற்றின் வேலை. ஓர் இடத்தில் ஒரே ஒரு கணம் தட்டினால் இன்னோர் இடத்தில் என்ன அசைவு வரும் என்பதற்குக் 'கிரீன் சார்பு' என்று பெயர். நாட்டிங்காம் பக்கத்தில் மாவு அரைக்கிற காற்றாலை வைத்திருந்த ஜார்ஜ் கிரீன், பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகப் படித்தே இராதவர், 1828-ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காற்றாலை இன்னும் நிற்கிறது. அப்புறம் 1904-ல் ஹொரேஸ் லாம்ப், ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் திடீரென்று தட்டினால் அதிர்வு எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். நில அதிர்வுக்காகப் போட்ட கணக்கு, இன்று ஒரு இரும்புக் கட்டியின் மேல் சென்சார் ஒட்டுகிறவனுக்கும் அதுதான் அடிப்படை. உங்கள் மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க லாம்ப் கணக்கையே முதலில் போட்டுப் பாருங்கள். விடை ஒத்துவந்த பிறகு விரிசலுக்கு வரலாம். முக்கால்வாசிப் பேர் இதைத் தாண்டிப் போய்விட்டு, கலர் கலராக வருகிற படத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள்.

இப்போது வாய். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். விரிசல் திறக்கும்போது இரண்டு பக்கமும் எதிரெதிராக விலகுகின்றன, ஒரு பக்கம் எவ்வளவு தள்ளப்படுகிறதோ மறுபக்கமும் அவ்வளவே எதிர்த் திசையில். மொத்தத் தள்ளல் பூஜ்யம். ஆகவே விரிசலை ஒற்றை விசையாகப் போட்டால் தப்பு, எதிரெதிர் விசை இணைகளாகப் போட வேண்டும். எந்த இணை எவ்வளவு என்று சொல்ல ஆறு எண்கள் தேவைப்படும், அதைத்தான் மொமென்ட் டென்சார் என்கிறார்கள். நிலநடுக்கக்காரர்களிடமிருந்து வாங்கிய கருவி. பூமிக்கடியில் நடந்தது நிலநடுக்கமா அணுகுண்டுச் சோதனையா என்று பிரிப்பதற்கும் இது உதவுகிறது, கான்கிரீட்டில் விரிசல் வாய் திறந்ததா, வழுக்கியதா என்று பிரிப்பதற்கும் உதவுகிறது. ஜப்பானில் ஒட்சு என்ற பேராசிரியர் இதைக் கான்கிரீட்டுக்குத் தோதாக எளிமைப்படுத்திக் கொடுத்தார். ஆறு எண் வேண்டுமானால் குறைந்தது ஆறு சென்சாராவது வேண்டும், நான்கை வைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம்.

ஆய்வறையில் பென்சில் லெட்டை உடைத்துச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 0.5 மி.மீ. தடிமன் 2ஹெச் லெட், 3 மி.மீ. வெளியே நீட்டி, சாய்த்து அழுத்தி உடைப்பது. சூ-நீல்சன் மூலம் என்று பெயர். எத்தனை கோடி ரூபாய்க் கருவியாக இருந்தாலும் காலையில் முதல் வேலை இந்தப் பென்சில்தான். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இது. எவ்வளவு மலிவு, எவ்வளவு நம்பகம்! ஆனால் அது மேற்பரப்பில் விடுபடுகிற ஒற்றை விசை, உள்ளே திறக்கிற விரிசல் அல்ல. குறிப்பாக மெல்லிய தகட்டில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தகட்டின் மேல் பென்சிலை உடைத்தால் வளைந்து வளைந்து போகிற அலை ஓங்கியிருக்கும், தகட்டை இழுத்து விரிசல் வளர்த்தால் நீண்டு சுருங்குகிற அலை ஓங்கியிருக்கும். பென்சிலை மாடல் செய்துவிட்டு அறிக்கையில் 'விரிசல்' என்று எழுதினால், வைவாவில் விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

கணினிக் கணக்கு எவ்வளவு பெரிது என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இரும்பில் குறுக்கலையின் வேகம் விநாடிக்கு 3,200 மீட்டர் அளவில் இருக்கும். 300 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 10 மி.மீ. சொச்சம் வருகிறது. கணினி தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும். ஓர் அலைநீளத்துக்குப் பத்துக் கட்டமாவது வேண்டும், ஆகவே கட்டம் 1 மி.மீ. ஒரு மீட்டர் சதுரத் தகடு, 10 மி.மீ. தடிமன் என்றால் ஒரு கோடிக் கட்டங்கள். வேகமான அலை விநாடிக்கு 5,900 மீட்டர் போகிறது, அது ஒரு கட்டத்தைத் தாண்டுகிற நேரத்துக்குள் ஒரு கணக்கு முடிய வேண்டும், இல்லாவிட்டால் விடை வெடித்துச் சிதறும். அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு ஆறாயிரம் சுற்று. கல்லூரி லேப்டாப்பில் இதை ஓடவிட்டு ஊருக்குப் போய்ப் பொங்கல் கொண்டாடிவிட்டு வரலாம். அதனால் முதலில் குறுக்குவெட்டு மட்டும், இரண்டு பரிமாணத்தில்.

விரிசலையே மாடலுக்குள் வளரவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் ஒட்டியிருக்கிற கட்டங்களை 'டக்'கென்று பிரித்துவிட்டால் நிஜத்தில் இல்லாத உயர் அதிர்வெண் சத்தமெல்லாம் வந்து நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தளரவிட வேண்டும். வாய் திறக்கிற விரிசல், மேற்பரப்பில் ஓடும் ராலே அலையின் வேகத்தைத் தாண்டாது. இரும்பில் அது 3,000 மீட்டர் பக்கம், உங்கள் மாடலில் விரிசல் அதைவிட வேகமாக ஓடினால் ஏதோ கோளாறு.

காது பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். 150 கிலோஹெர்ட்ஸில் அதிர்கிற சென்சார் எதைக் கொடுத்தாலும் 150-ல்தான் பாடும். "எங்கள் பொருளின் விரிசல் 150 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கிறது" என்று முடிவுரை எழுதிய ஆய்வறிக்கையை நான் கையாலேயே தொட்டிருக்கிறேன். அது சென்சாரின் குரல் அப்பா!

கேள்வி: விரிசல் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (ஓசூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எந்தச் சென்சாருக்கு முதலில் சேதி வந்தது என்பதை வைத்துத்தான். நீளமான குழாயில் 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு சென்சார், அலையின் வேகம் விநாடிக்கு 3,000 மீட்டர், ஒன்றுக்கு 200 மைக்ரோசெகண்ட் தாமதமாக வருகிறது என்று வையுங்கள். தூர வித்தியாசம் 60 செ.மீ., ஆகவே விரிசல் முதல் சென்சாரிலிருந்து 1.2 மீட்டரில். அவ்வளவுதான், எட்டாம் வகுப்புக் கணக்கு. நிஜத்தில் 'வேகம்' என்பது ஒன்றே ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் தலைவலி. தகட்டில் வளைகிற அலை, அதிர்வெண்ணைப் பொறுத்து வெவ்வேறு வேகத்தில் போகும். பனிக்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் கல்லெறிந்தால் தூரத்தில் நிற்பவருக்குச் சினிமாத் துப்பாக்கி மாதிரி 'ப்யூங்' என்று கேட்கும், கீச்சுக்குரல் முன்னால் ஓடிவந்துவிட, கனத்த குரல் பின்னால் வருவதால். இரும்புத் தகட்டிலும் அதே கதைதான்.

இன்னொரு தலைவலியும் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில், பெரிய அழுத்தக்கலனில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதனை. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரே இடத்திலிருந்து சிக்னல் கொட்டுகிறது, கணக்குப் போட்டால் வெல்டிங் தையலுக்குப் பக்கத்தில். எனக்கு ஒரே பரபரப்பு, பெரிய விரிசலைப் பிடித்துவிட்டோம் என்று. விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு ஏறிப் பார்த்தால், சாரம் கட்டிய குழாய் ஒன்று கலனில் இடித்துக்கொண்டிருந்தது. அழுத்தம் ஏற ஏறக் கலன் லேசாக உப்பும், உப்ப உப்பக் குழாய் உரசும். இடத்தைக் கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் காரணத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். பாறை வெடிக்கப் போவது அனுபவசாலிகளுக்கு முன்பே கேட்கும் என்பார். உண்மையா? (ஆம்பூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கவயலின் ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி அன்றைய வட ஆற்காடு, தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள். சுரங்கம் கடைசியில் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. அவ்வளவு கீழே பாறையின் மேல் இருக்கிற பாரத்தைச் சொல்லி முடியாது. தங்கம் இருக்கிற பாறையைக் குடைந்து எடுத்த பின், மிச்சமிருக்கிற பாறை அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும், ஒரு நாள் தாங்காமல் வெடித்துச் சிதறும். மேலே ஊரில் வீடுகள் அதிரும். குடைந்த இடத்தில் கிரானைட் கல்லால் சுவர் வைத்தார்கள், பின்னாளில் கான்கிரீட் போட்டார்கள்.

உங்கள் தாத்தா சொன்னதில் உண்மை இருக்கிறது. பாரம் ஏறும் பாறை முனகும், சடசடக்கும், சில்லு தெறிக்கும். எங்கே முனகல் கூடுகிறது என்று காதை வைத்துக் கேட்டு விலகிப்போகிற பழக்கம் உலகெங்கும் சுரங்கத் தொழிலாளர்களிடம் இருந்தது. கருவிக்காரர்கள் அதைப் பிறகுதான், அதுவும் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். 1938-ல் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தைச் சேர்ந்த லெனார்ட் ஓபர்ட், சுரங்கத் தூண்களில் ஒலி என்ன வேகத்தில் போகிறது என்று அளக்கப் போனார். அளக்கவிடாமல் ஏதோ சத்தம் குறுக்கே வந்துகொண்டே இருந்தது. கருவிக் கோளாறு என்று பார்த்தால், பாறையே போட்ட சத்தம்!

தங்கவயலில் 1970-களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு பூமிக்கு மேலும் கீழும் ஜியோபோன்களை, அதாவது நில அதிர்வைக் கேட்கிற கருவிகளைப் பொருத்தி, எந்த அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று குறிக்க ஆரம்பித்தார்கள். 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அங்கேயே தொடங்கப்பட்டது. (அதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965-ல் காஸ்மிக் கதிர்களிலிருந்து வரும் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். மேலே இருக்கிற பாறை மற்ற துகள்களை வடிகட்டிக் கொடுத்தது. தங்கவயல் எதற்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது பாருங்கள்.) 2001 பிப்ரவரி 28-ஓடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

ஆனால் 'முன்பே கேட்கும்' என்பதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன அதிர்வுகள் நிறைய, பெரியவை சில என்ற விகிதம் ஒன்று இருக்கிறது, பெரிய முறிவு நெருங்கும்போது பெரிய அதிர்வுகளின் பங்கு கூடுவதை ஆய்வறையில் பல தடவை பார்த்திருக்கிறார்கள். சுரங்கத்தில் எந்தப் பகுதி ஆபத்து என்று சொல்ல அது உதவும். நாளை காலை எத்தனை மணிக்கு என்று சொல்ல உதவாது. முனகாமல் வெடித்த பாறையும் உண்டு, அதைக் கேட்டவர்கள் திரும்பி வந்து சொல்லவில்லை.

கேள்வி: டைட்டானிக் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கியில் விரிசலைக் கேட்கிற கருவி இருந்ததாமே? அப்புறம் எப்படி? (சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இருந்தது. கார்பன் இழையால் செய்த உடல், அதில் ஒலிச் சென்சார்களும், உடல் அழுத்தத்தில் எவ்வளவு உருமாறுகிறது என்று அளக்கும் கருவிகளும். இதைத்தான் டைட்டனை நடத்திய ஓஷன்கேட் நிறுவனம் பெரிய பாதுகாப்பு ஏற்பாடாகச் சொல்லிவந்தது. பதிலுக்கு முன்னால் ஜெர்மனிக்குப் போய்வர வேண்டும்.

1950-ல் மியூனிக்கில் ஜோசப் கைசர் தன் முனைவர் பட்ட ஆய்வில் ஒன்றைக் கண்டார். ஓர் உலோகத்தின் மேல் பாரம் ஏற்றினால் சத்தம் வரும், இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் பழைய உச்சத்தைத் தாண்டுகிற வரை சத்தமே வராது. புதுக் கயிற்றுக் கட்டில் மாதிரி. நீங்கள் முதல் தடவை உட்காரும்போது முனகும், அடுத்த தடவை அமைதியாக இருக்கும், உங்களைவிடக் கனமான பெரியப்பா வந்து உட்கார்ந்தால் திரும்பவும் முனகும். இது கைசர் விளைவு. அதே கட்டில், குழந்தை ஏறி உட்கார்ந்தாலே முனகுகிறது என்றால்? எங்கோ கயிறு இற்றுப்போயிருக்கிறது. பழைய உச்சத்தை எட்டும் முன்பே சத்தம் வருவதற்கு ஃபெலிசிட்டி விளைவு என்று பெயர், இழைப் பொருள்களில் சேதம் சேர்ந்துகொண்டிருப்பதைக் காட்டும் முக்கியமான அடையாளம்.

சரி, டைட்டன். 2022 ஜூலையில் 80-வது முழுக்கிலிருந்து மேலே வரும்போது உள்ளே இருந்தவர்களுக்கே பெரிய 'டமார்' கேட்டது. அதற்கு அடுத்த முழுக்குகளில் அந்த உருமாற்ற அளவுகள் பழைய மாதிரி இல்லை என்பதைப் பிற்பாடு விசாரணையில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வரைபடமாகவே காட்டியது. 2023 ஜூன் 18, 88-வது முழுக்கில் உடல் நசுங்கி, உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த அமெரிக்கக் கடலோரக் காவல் படை அறிக்கை, தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்றது.

ஆக, கருவி பேசாமல் இருக்கவில்லை. என் அபிப்பிராயத்தில் கோளாறு இரண்டு இடத்தில். இழையும் பிசினும் அடுக்கடுக்காகச் சேர்ந்த தடித்த உருளை, வெளியிலிருந்து நசுக்குகிற அழுத்தம். இதில் எந்த அளவு சத்தம் வந்தால் எந்த அளவு சேதம் என்று சொல்ல, அதே மாதிரி உருளைகளை நசுக்கி நசுக்கி உடைத்துப் பார்த்து அட்டவணை தயாரிக்க வேண்டும். அது இல்லாமல் வருகிற சத்தம் வெறும் சத்தம்தான். இரண்டாவது, முழுகிக்கொண்டிருக்கும்போது எச்சரிக்கை வந்தால் மேலே ஏற மணிக்கணக்காகும், உடல் நசுங்க மில்லிசெகண்ட் போதும். அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த டேவிட் லாக்ரிட்ஜ் 2018-லேயே இதைச் சொல்லி எச்சரித்தார், அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

கேள்வி: நம் பாலங்களில் இதை மாட்டிவைத்தால் இடிவதற்கு முன்பே தெரிந்துவிடுமே? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஸ்காட்லாந்தில் ஃபோர்த் ரோடு பாலத்தில் மாட்டியிருக்கிறார்கள். 1964-ல் திறந்த தொங்குபாலம், ஒவ்வொரு பெரிய வடத்திலும் 11,618 கம்பிகள். 2004-ல் வடத்தைப் பிரித்துப் பார்த்தபோது துருவும் உடைந்த கம்பிகளும் தெரிந்தன, பலம் 8 முதல் 10 சதவிகிதம் குறைந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2006-ல் வடம் நெடுக ஒலிச் சென்சார்களை வைத்தார்கள். ஒரு கம்பி அறுந்தால் பெரிய சத்தம், எங்கே எப்போது என்று பதிவாகிவிடும். பிறகு வடத்துக்குள் உலர்ந்த காற்றைச் செலுத்தித் துருவை அடக்கினார்கள், 2017-ல் பக்கத்திலேயே புதுப் பாலமும் வந்துவிட்டது. ஆனால் மாட்டிய தேதிக்கு முன்னால் எத்தனை அறுந்தது என்று சென்சாருக்குத் தெரியாது. அதற்கு ஆள் ஏறி, ஆப்பு அடித்து வடத்தைப் பிளந்து, கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஏற ஆளும் படிக்க ஆளும் இல்லாத இடத்தில் சென்சாரை மட்டும் மாட்டினால், அது டெண்டர் விட்டவருக்குத்தான் லாபம்.

கேள்வி: சொடக்குப் போட்டால் எலும்பு விரிசல் விடுமா? என் மாமியார் திட்டுகிறார். (சேலத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: விடாது. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியின் வேலை அது. குமிழி உருவாகும்போது வருகிற சத்தமா, அமுங்கும்போது வருகிற சத்தமா என்பதில்தான் சண்டை. 2018-ல் சந்திரன் சுஜா, பரகத் என்ற இருவர் அந்தச் சத்தத்தையே சமன்பாடாக எழுதி, குமிழி பாதி அமுங்கினாலே போதும், அவ்வளவு சத்தம் வந்துவிடும் என்று காட்டினார்கள். டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க டாக்டர் அறுபது வருடத்துக்கு மேல் ஒரு கையில் மட்டும் சொடக்குப் போட்டு, இரண்டு கைக்கும் மூட்டுவலியில் வித்தியாசமில்லை என்று எழுதி, 2009-ல் இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவைத்து, பிறகு யோசிக்கவைக்கிற ஆய்வுகளுக்குத் தருவது) வாங்கினார். அவரை எதிர்த்துத் திட்டியது அவருடைய அம்மா. உங்கள் வீட்டில் மாமியார்.

கேள்வி: இதையெல்லாம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே காட்ட முடியுமா? (யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: ஓரளவு முடியும் டீச்சர். போனில் ஒலிப்பதிவு செய்கிற ஆப் ஒன்று, அலையைக் கோடாகக் காட்டுவதாக இருந்தால் நல்லது. போன் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தோடு நின்றுவிடும், பரவாயில்லை. மெக்கானிக்கல் பென்சில் ஒன்று. லெட்டை 3 மி.மீ. மட்டும் நீட்டி, கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் மேல் சாய்த்து அழுத்தி உடைக்கச் சொல்லுங்கள், போன் அதே தட்டைத் தொட்டபடி இருக்கட்டும். அப்புறம் அதையே சப்பாத்திப் பலகையின் மேல், பிறகு ரப்பர் செருப்பின் மேல். லெட் ஒன்றுதான், உடைக்கிற கையும் ஒன்றுதான், மூன்று கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. தட்டு நீளமாக அதிர்ந்துகொண்டிருக்கும், பலகை 'டொக்' என்று முடித்துக்கொள்ளும், செருப்பில் உற்றுப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். மூன்று கோட்டையும் பெயர் சொல்லாமல் கலைத்துக் கொடுத்து, எது எது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். லெட் துண்டு தெறிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோக விடாதீர்கள்.